சரக்கு வண்டிக்கு எந்தக் காவல் நல்லது?

தோட்டத்து வாசலில் இரட்டை மாட்டு வண்டி நின்ற இடத்தில் இன்று சிறு சரக்கு வண்டி நிற்கிறது. 2005-ஆம் ஆண்டில் டாடா ஏஸ் சந்தைக்கு வந்த பிறகு, தமிழ்நாட்டு மக்கள் அதற்குக் ‘குட்டி யானை’ என்று தாங்களாகவே பெயர் வைத்துவிட்டார்கள். அதைவிடக் கூடுதல் பாரம் ஏற்றும் பிக்கப் வண்டிகளும் பின்னாலேயே வந்து சேர்ந்தன. தாளவாடி முட்டைக்கோஸ், நிலக்கோட்டை மல்லிகை, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போகும் முருங்கை எல்லாம் விடிவதற்குள் போய்ச் சேருவது பெரும்பாலும் இந்த வண்டிகளில்தான். உர மூட்டை, தவிடு, பம்ப்செட் மோட்டார், சினை மாடு, கல்யாண வீட்டுப் பாத்திரம் என்று இது சுமக்காத சுமை இல்லை.

முன்பு மாடு திருட்டுப் போனால் குளம்படி பார்த்துத் தேடிப் போவார்கள். பக்கத்து ஊர்ச் சந்தையில் போய்ப் பார்ப்பார்கள். வண்டிக்கு அந்த வழி கிடையாது. இரவு ஒரு மணிக்குக் கிளப்பிக்கொண்டு போனால், வீட்டுக்காரர் பால் கறக்க எழுந்திருக்கும் ஐந்து மணிக்குள் அது இருநூறு கிலோமீட்டர் தாண்டிப் போயிருக்கும். அநேகமாக வேறு மாநிலத்தில் இருக்கும்.

இந்தப் பயத்தை வைத்து ஒரு வியாபாரமே நடக்கிறது. நகரத்து உதிரிபாகக் கடைக்குப் போய் ‘வண்டிக்கு ஏதாவது பாதுகாப்பு வேண்டும்’ என்று கேட்கும் விவசாயியிடம் முதலில் எடுத்துக் காட்டப்படுவது சைரன் அடிக்கும் அலாரம்தான். கையில் ஒரு ரிமோட்டைக் கொடுத்து, கதவைத் தட்டி அலறவிட்டுக் காட்டுவார்கள். கடை வாசலில் அது காதைப் பிளக்கும். விவசாயிக்கும் திருப்தியாக இருக்கும். பணத்தைக் கொடுத்து மாட்டிக்கொண்டு வந்துவிடுவார். கிராமத்துச் சரக்கு வண்டிக்குக் கடைசியாக வாங்க வேண்டிய பொருளை முதலாவதாக வாங்கி வந்திருக்கிறார் என்பது அவருக்குப் பிறகுதான் தெரியவரும்.

சத்தம் எவ்வளவு தூரம் போகும்?

சைரன் என்பது யாராவது கேட்டு ஓடி வர வேண்டும் என்ற நம்பிக்கையில் செய்யப்பட்ட கருவி. பட்டணத்துத் தெருவில் நாலு வீடு தள்ளி ஆள் இருக்கும். கடைக்கு இரவுக் காவலர் இருப்பார். தோட்டத்துச் சாளையில் என்ன இருக்கிறது? அடுத்த வீடு கால் மைல் தள்ளி இருக்கிறது. வெட்டவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் சுமார் ஆறு டெசிபல் குறையும் என்பது ஒலியியல் கணக்கு. ஒரு மீட்டர் தூரத்தில் 120 டெசிபல் அலறும் சைரன், நூறு மீட்டரில் 80 ஆகிவிடும். நானூறு மீட்டரில் 68. இடையில் தென்னந்தோப்பும் சுவரும் எதிர்க்காற்றும் இருந்தால் இன்னும் குறையும். வீட்டுக்குள் மின்விசிறி ஓட, கதவைச் சாத்திப் படுத்திருப்பவர் காதில் அது விழுந்தால்கூட ஏதோ ரோட்டில் போகிற வண்டி என்று புரண்டு படுத்துக்கொள்வார்.

இதைவிடப் பெரிய தொல்லை, காரணமில்லாமல் அலறுவது. இந்த அலாரங்களில் அதிர்வை உணரும் ஒரு சிறு பாகம் இருக்கிறது. அதற்குத் திருடனையும் தெரியாது, வெள்ளாட்டையும் தெரியாது. ஆடு பம்பரில் முன்னங்காலை வைத்தாலும், கோழி பாடியின் மேல் ஏறினாலும், இடி இடித்தாலும், தேங்காய் மட்டை விழுந்தாலும் அலறும். பாதி இரவில் இரண்டு தரம் ஓடி வந்து பார்த்தவர் மூன்றாம் தரம் வயரைப் பிடுங்கிவிடுவார். பிறகு அது டாஷ்போர்டுக்குக் கீழே தொங்கிக்கொண்டிருக்கும்.

மேலும் பிக்கப் வண்டியின் பின்பக்கம் திறந்த தொட்டி. அலாரம் காப்பது கேபின் கதவை மட்டுமே. பின்னால் கிடக்கும் தார்ப்பாய், சொட்டுநீர்க் குழாய்ச் சுருள், உர மூட்டை இவற்றை ஒருவன் அலுங்காமல் இறக்கினால் பல கருவிகள் வாய் திறக்காது. ஆகவே அலாரமே வேண்டாம் என்பதில்லை. வீட்டு வாசலிலேயே, படுக்கை அறை ஜன்னலுக்கு எதிரில் வண்டி நிற்கிற குடும்பத்துக்கு அது பயன்படும். மற்றவர்களுக்கு வேறு இரண்டு கேள்விகள்தான் முக்கியம். வண்டியை நகர விடாமல் தடுப்பது எப்படி? மீறி நகர்ந்துவிட்டால் எங்கே இருக்கிறது என்று அறிவது எப்படி? கையில் இருக்கும் காசை இந்த இரண்டுக்கும் செலவிட்ட பிறகு மிச்சம் இருந்தால் சத்தத்துக்குக் கொடுக்கலாம்.

முதல் செலவு இரும்புக்கு

முதலில் வாங்க வேண்டியது கண்ணுக்குத் தெரியும் இரும்புப் பூட்டு. ஸ்டியரிங் சக்கரத்தில் மாட்டும் கம்பிப் பூட்டு எங்கும் கிடைக்கிறது. ஆனால் பூட்டு எத்தனை கெட்டியாக இருந்தாலும், ஸ்டியரிங் வளையத்தை ஆக்ஸா பிளேடால் அறுத்துப் பூட்டைக் கழற்றிவிட முடியும். அதைவிடக் கியர் பூட்டு மேலானது. கியர் கம்பியை ரிவர்ஸில் போட்டு, தரையோடு போல்ட் வைத்துப் பிணைத்த சட்டத்தில் பூட்டுவது அது. ரிவர்ஸிலேயே வண்டியை ஊர் தாண்டி ஓட்டிக்கொண்டு போக முடியாது. இதன் விலை வண்டியின் ஒரு டயர் விலைக்குள் அடங்கிவிடும். வாங்கும்போது அந்த வண்டி மாடலுக்கென்றே செய்ததா, தரைத்தகட்டில் போல்ட் தலை வெளியே தெரியாமல் உட்காருகிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்பானர் போட்டால் கழலும் கியர் பூட்டுக்கு ஸ்டியரிங் பூட்டே தேவலை.

அதற்கும் வசதிப்படாதவர்கள் சங்கிலியைப் பயன்படுத்தலாம். முன் சக்கர டிஸ்கின் ஓட்டை வழியாகவும் ஆக்ஸில் அல்லது ஸ்பிரிங் பட்டை வழியாகவும் தடித்த சங்கிலியைக் கோத்துப் பூட்டிவிடுவது பழைய டிராக்டர்காரர்கள் கைக்கொண்ட முறை. காலையில் அவசரத்தில் சங்கிலியை மறந்து வண்டியை எடுத்தால் பிரேக் குழாய் பிய்ந்துபோகும். அதனால் பூட்டியவுடன் ஸ்டியரிங்கில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுவது நல்லது.

காசே இல்லாத காவலும் உண்டு. வண்டியின் முகம் சுவரைப் பார்க்க நிறுத்தி, பின்னால் டிராக்டர் டிரெய்லரைக் குறுக்கே விட்டுவிட்டால் எந்தத் திருடனும் இரண்டு தரம் யோசிப்பான். இதைச் செய்ய ஐந்து நிமிடம் ஆகும் என்பதால்தான் பலர் செய்வதில்லை.

மறைவுச் சுவிட்சு

இரண்டாவது, இஞ்சினை ஓடவிடாமல் செய்யும் மறைவுச் சுவிட்சு. இதில்தான் அதிகத் தவறு நடக்கிறது. ஊர் எலக்ட்ரீஷியன்கள் பலர் ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போகும் வயரில் ஒரு சுவிட்சைப் போட்டுவிட்டு, ‘இனிமேல் யாரும் ஸ்டார்ட் செய்ய முடியாது’ என்று சொல்லிவிடுகிறார்கள். சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பாது என்பது உண்மைதான். ஆனால் சரிவான இடத்தில் நாலு பேர் தள்ளிவிட்டு, செகண்ட் கியரில் கிளட்சை விட்டால் டீசல் இஞ்சின் பிடித்துக்கொள்ளும். பேட்டரி இறங்கிய நாளில் எல்லா விவசாயியும் செய்கிற காரியம்தான் இது. திருடனுக்கு மட்டும் தெரியாதா?

பெட்ரோல் இஞ்சினைப்போல் டீசல் இஞ்சினுக்குத் தீப்பொறி தேவையில்லை. சூடேறிய காற்றில் டீசல் பீய்ச்சப்படுகிற வரை அது ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே நிறுத்த வேண்டியது டீசலைத்தான். பழைய வகை வண்டிகளில், மின்சாரம் போனால் டீசல் வழியை அடைக்கும் சோலினாய்டு வால்வு பம்பின் மேல் இருந்தால், அந்த வயரில் சுவிட்சைப் போட்டால் போதும். தள்ளிவிட்டாலும் இஞ்சின் பிடிக்காது. கைதேர்ந்த திருடன் பேட்டரியிலிருந்து நேராக ஒரு வயரை இழுத்து அதையும் ஓட்டிவிடுவான். ஆனால் அதற்கு அவன் இருட்டில் இஞ்சினைத் திறந்து, விளக்குப் பிடித்துத் தேட வேண்டும். அந்த நேரம்தான் விவசாயிக்கு லாபம்.

டீசல் குழாயில் கைத்திருகு போட்டு அடைத்து வைக்கும் ஒரு பழக்கமும் உண்டு. வண்டி கிளம்பி, குழாயில் மிச்சமிருக்கும் டீசல் தீர்ந்ததும் நூறு இருநூறு கஜத்தில் நின்றுவிடும். காற்று புகுந்துவிடுவதால் மறுபடி கிளம்பாது. பழைய இஞ்சினுக்கு இது சரி. புதிய காமன் ரயில் இஞ்சினில் இதைச் செய்யக் கூடாது. அதன் உயர் அழுத்தப் பம்புக்கு டீசலே எண்ணெயாகவும் இருக்கிறது; டீசல் இல்லாமல் சுற்றினால் பம்ப் தேய்ந்துபோகும். வண்டிக்காரரே மறந்து ஒரு நாள் திருகைத் திறக்காமல் ஓட்டிவிட்டால் ஆகும் செலவில் பத்துப் பூட்டு வாங்கலாம்.

2020 ஏப்ரல் முதல் பாரத் ஸ்டேஜ் ஆறு விதி நடைமுறைக்கு வந்ததிலிருந்து புது டீசல் வண்டிகள் எல்லாம் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடுபவை. அவற்றின் வயர் கட்டில் கண்டபடி கத்தி வைத்தால் ஒன்று போக ஒன்று கெடும். கம்பெனி கொடுத்த வாரண்டியும் போய்விடும். இவற்றுக்குக் கம்பெனியே பொருத்தும் இம்மொபிலைசர் என்ற மின்னணுப் பூட்டுதான் ஏற்றது. சாவியின் தலைக்குள் ஒரு சிறு சில்லு இருக்கும். சாவி நுழையும் இடத்தைச் சுற்றியுள்ள கம்பிச் சுருள் அந்தச் சில்லின் ரகசிய எண்ணைப் படித்து இஞ்சின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். எண் பொருந்தாவிட்டால் டீசல் வராது. புது வண்டி எடுக்கும்போது வண்ணத்தையும் பாட்டுப் பெட்டியையும் கேட்கிற விவசாயி, இது இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். பதிலில் சந்தேகம் இருந்தால், சில்லு இல்லாத சாதாரண மாற்றுச் சாவி ஒன்றை வெட்டிப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். அந்தச் சாவியில் இஞ்சின் பிடித்து ஓடினால் பூட்டு இல்லை என்று அர்த்தம்.

இதன் பயன் நிரூபிக்கப்பட்ட ஒன்று. ஐரோப்பிய நாடுகள் 1998-லும் ஆஸ்திரேலியா 2001-லும் புதுக் கார்களுக்கு இதைக் கட்டாயமாக்கின. அமெரிக்காவில் அப்படிக் கட்டாயம் இல்லாததால், இப்பூட்டு இல்லாமல் விற்கப்பட்ட சில கார் வகைகளைப் பள்ளிப் பிள்ளைகள்கூடச் சாவித் துளையை உடைத்து ஓட்டிக்கொண்டு போனது 2021, 2022-ஆம் ஆண்டுகளில் பெரிய செய்தியாயிற்று. நம் நாட்டிலும் விலை கூடிய கார்களில் இது சாதாரணமாக வருகிறது. கார் போனால் முதலாளி வாடகைக் காரில் ஆபீஸ் போய்விடுவார். பிக்கப் போனால் அந்த வாரத்துத் தக்காளி வயலிலேயே அழுகிவிடும். மலிவு விலைச் சரக்கு வண்டிக்கும் இதைத் தவறாமல் பொருத்தும்படி அரசு தயாரிப்பாளர்களைக் கேட்பதில் என்ன தடை இருக்கிறது என்பது புரியவில்லை.

மறைவுச் சுவிட்சை எங்கே வைப்பது என்பதும் யோசிக்க வேண்டியது. ஸ்டியரிங்குக்குக் கீழே வைப்பது எல்லா மெக்கானிக்கும் செய்வது. எல்லாத் திருடனும் முதலில் தடவிப் பார்ப்பதும் அங்கேதான். டிரைவர் உட்கார்ந்தபடியே கை எட்டும், ஆனால் கண்ணுக்குப் படாத இடமாக இருக்க வேண்டும். சர்வீசுக்கு விடும்போது அதை ஓடும் நிலையில் வைத்து விட்டுவிட வேண்டும். இடத்தைச் சொல்ல வேண்டியதில்லை. வயருக்குத் தனி பியூஸ் கட்டாயம் வேண்டும். வைக்கோலும் சோளத்தட்டும் ஏற்றுகிற வண்டியில் ஒரு ஷார்ட் சர்க்யூட் ஆனால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. தானியக் கொட்டகையில் நிறுத்துகிறவர்கள் வயரை ரப்பர் குழாய்க்குள் விட்டு இழுக்கச் சொல்வது நல்லது. எலிக்கு அந்த வயர் ரொம்பப் பிடிக்கும்.

இருப்பிடம் காட்டும் கருவி

மூன்றாவது, ஜி.பி.எஸ். கருவி. ‘இது ஒன்று இருந்தால் போதும், வேறு எதுவும் வேண்டாம்’ என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். இது திருட்டைத் தடுக்காது. போன வண்டியைத் தேட உதவும். செயற்கைக் கோள்களிலிருந்து வரும் குறிகளைக் கொண்டு தன் இடத்தைக் கணக்கிட்டு, உள்ளே இருக்கும் சிம் கார்டு மூலம் செல்போனுக்குச் சொல்கிறது. ஆகவே வானமும் தெரிய வேண்டும், செல்போன் கோபுரமும் எட்ட வேண்டும். கருவியை இரும்புத் தகட்டுக்கு அடியில் வைத்தால் குருடாகிவிடும். டாஷ்போர்டு பிளாஸ்டிக்கின் உட்புறம் வைத்தால் வேலை செய்யும். மலைப்பாதையில் கோபுரம் எட்டாத இடங்களில் செய்தியைச் சேமித்து வைத்துப் பிறகு அனுப்பும் வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். திருடன் முதலில் பேட்டரி வயரைக் கழற்றுவான் என்பதால், கருவிக்குள் தனிச் சிறு பேட்டரி இருப்பது அவசியம்.

பலர் கவனிக்காத செய்தி ஒன்று. கருவி அடிக்கும் எச்சரிக்கை யாருக்குப் போகிறது? பெரும்பாலும் கருவியை மாட்டிக் கொடுப்பது சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கும் மகன். செய்தியும் அவன் செல்போனுக்கே போகும். இரவு ஒன்றரை மணிக்கு அவன் செல்போனை ஊமையாக்கி வைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பான். காலையில் எழுந்து பார்த்தால் வண்டி கிளம்பிய நேரம், போன பாதை, கருவி பிடுங்கப்பட்ட இடம் எல்லாம் அழகாக வரைபடத்தில் தெரியும், வண்டி இருக்காது. ஆகையால் இரவில் சாவி போட்டவுடன், அல்லது வண்டி குறித்த எல்லையைத் தாண்டியவுடன், தோட்டத்தில் படுத்திருப்பவரின் செல்போனுக்கு அழைப்பாகவே வரும்படி அமைத்துக்கொள்ள வேண்டும். ஆண்டுச் சந்தா, சிம் ரீசார்ஜ் இரண்டும் எந்தத் தேதியில் முடிகின்றன என்று காலண்டரில் குறித்து வைக்க வேண்டும். சந்தா முடிந்த கருவி வெறும் டப்பா.

அறுவடை இல்லாத மாதங்களில் வண்டியை எடுக்காமலே நிறுத்தி வைப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு. கருவி சும்மா இருக்கும்போது 20 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், முப்பது நாளில் 14 ஆம்பியர்-மணி போய்விடும். 65 ஆம்பியர்-மணி பேட்டரியில் இது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். பேட்டரி ஏற்கெனவே வயதானது என்றால் வண்டி கிளம்பாது. வாரம் ஒரு முறையாவது கொஞ்ச தூரம் ஓட்டி வர வேண்டும்.

செல்போனில் ஒரு பொத்தானை அழுத்தி, ஓடும் வண்டியின் இஞ்சினை நிறுத்தும் வசதியைப் பெருமையாகச் சொல்லி விற்கிறார்கள். இதில் எச்சரிக்கை வேண்டும். இஞ்சின் நின்றால் பவர் ஸ்டியரிங்கும் பிரேக்கின் உதவி விசையும் போய்விடும். நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும் வண்டியை அப்படி நிறுத்தினால் எதிரே வரும் ஒன்றும் அறியாத பஸ்ஸின் மேல் மோதலாம். வண்டி ஓரிடத்தில் நின்ற பிறகு மறுபடி கிளம்பாமல் தடுக்கும்படி அமைந்த கருவியையே வாங்க வேண்டும். வரைபடத்தில் புள்ளி தெரிகிறது என்று நாலு பேரைக் கூட்டிக்கொண்டு துரத்திப் போவதும் ஆபத்து. 112-க்குச் சொல்லி, புள்ளி இருக்கும் இடத்தைப் போலீசாருக்குக் காட்டுவதுதான் முறை.

சாவியும் பாலிசியும்

எந்தக் கருவியும் சாவியைக் கையில் வைத்திருப்பவனைத் தடுக்காது. மார்க்கெட்டில் லோடு இறக்கும்போது சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு டீ குடிக்கப் போவது பழக்கமாகிவிட்டது. ‘நம்ம ஊர்தானே’ என்ற எண்ணம். டிரைவர் வேலையை விட்டுப் போகும்போது சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறார். இடையில் எத்தனை மாற்றுச் சாவி வெட்டப்பட்டது என்று யார் பார்த்தது? பழைய வண்டி வாங்குகிறவர்கள் நிலை இன்னும் மோசம். முந்திய சொந்தக்காரர், தரகர், பட்டறைக்காரர் என்று எத்தனையோ கை மாறி வந்த சாவி அது. வாங்கிய வாரத்திலேயே சாவித் துளையையும் கதவுப் பூட்டுகளையும் மாற்றிவிடுவதுதான் பழைய வண்டிக்கு முதல் பாதுகாப்புச் செலவு.

‘இன்சூரன்ஸ் இருக்கிறது, போனால் போகட்டும்’ என்பவர்களும் உண்டு. முதலில் பாலிசியை எடுத்துப் பார்க்க வேண்டும். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் எடுத்திருந்தால் திருட்டுக்கு ஒரு காசும் வராது. முழுப் பாலிசி இருந்தாலும் கிடைப்பது வாங்கிய விலை அல்ல. இரண்டு வருஷம் முடிந்து மூன்றாம் வருஷத்தில் இருக்கும் வண்டிக்கு 30 சதவீதம் தேய்மானம் கழிப்பது வழக்கம். பட்டியல் விலை 8 லட்சம் என்றால் காப்பீட்டு மதிப்பு 5,60,000 ரூபாய். கடன் நிலுவை நாலரை லட்சம் இருந்தால் அது நேராக நிதி கம்பெனிக்குப் போகும். விவசாயி கைக்கு வருவது 1,10,000. அதுவும் உடனே வராது. வண்டி கிடைக்கவில்லை என்று போலீசாரின் இறுதி அறிக்கை வரவேண்டும். அதுவரை மாதத் தவணையும் நிற்பதில்லை. வாடகை வண்டிக்கும் கொடுத்தாக வேண்டும்.

வண்டியைப் பாதுகாக்க நியாயமான அக்கறை எடுத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் பாலிசியில் இருக்கிறது. இரண்டு சாவியையும் கொண்டு வா என்று கம்பெனி கேட்பது இதற்காகத்தான். சாவியை விட்டுவிட்டு இறங்கியபோது திருட்டுப் போன ஒரு லாரி வழக்கில், 2023-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் 75 சதவீதத் தொகையைக் கொடுக்கச் சொன்னது. அலட்சியத்துக்காகக் கால் பங்கு போயிற்று. மிச்சத்தை வாங்க உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. இன்னொரு வழக்கு டிராக்டர் பற்றியது. 2010-ல் திருட்டுப் போன அன்றே போலீசில் புகார் கொடுத்த ஒருவர், காப்பீட்டுக் கம்பெனிக்கு 52 நாள் கழித்துத்தான் தெரிவித்தார். தாமதம் என்று கம்பெனி மறுத்துவிட்டது. உடனே போலீசில் புகார் செய்திருக்கும்போது கம்பெனிக்குச் சொல்லத் தாமதமானதை மட்டும் காட்டி மறுக்க முடியாது என்று 2020 ஜனவரியில் தீர்ப்பாயிற்று. ஆகவே வண்டி காணவில்லை என்றால் சொந்தக்காரர் வீட்டில் விசாரித்துக்கொண்டு, குறி கேட்டுக்கொண்டு நாளைக் கடத்தாமல், அன்றே புகார் எழுதிக் கொடுத்து முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்கிவிட வேண்டும். சேசிஸ் எண், இஞ்சின் எண் இரண்டையும் வீட்டு டைரியில் எழுதி வைத்திருந்தால் அந்த நேரத்தில் தடுமாற வேண்டியதில்லை.

வண்டி முழுதாகப் போவதைவிடப் பாகம் பாகமாகப் போவது கிராமங்களில் அடிக்கடி நடக்கிறது. பேட்டரி, ஸ்டெப்னி, டீசல். சில வண்டிகளில் பேட்டரி பாடிக்குக் கீழே சேசிஸ் ஓரத்தில் வெளியே தெரியும்படி இருக்கிறது. பட்டறையில் சொல்லி இரும்புப் பட்டையால் கூண்டு அடித்து, பூட்டுப் போட்டுவிட வேண்டும். டீசல் டேங்க் மூடிக்குப் பூட்டு, ஸ்டெப்னிக்கு ஒரு சங்கிலி. ஆயிரக்கணக்கில் கொடுத்து ஜி.பி.எஸ். மாட்டியவர் வண்டியில் பேட்டரி சணல் கயிற்றால் கட்டியிருப்பதைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அரசும் கம்பெனிகளும் செய்யக்கூடியவையும் சில உண்டு. 2019 ஜனவரி முதல் பதிவாகும் பஸ், டாக்சி போன்ற பயணிகள் வாகனங்களுக்கு இருப்பிடம் காட்டும் கருவி கட்டாயம் என்று மத்திய அரசு விதி வகுத்தது. சிறு சரக்கு வண்டிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கட்டாயப்படுத்தினால் விவசாயி தலையில்தான் விலை ஏறும் என்பதால் கட்டாயம் வேண்டாம். வாங்குகிறவருக்குச் சலுகை கொடுக்கலாம். அங்கீகரித்த திருட்டுத் தடுப்புக் கருவி பொருத்தினால் பிரீமியத்தில் சொந்தச் சேதப் பகுதியில் இரண்டரை சதவீதம் தள்ளுபடி, அதுவும் 500 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று 2002-ஆம் ஆண்டின் மோட்டார் காப்பீட்டுக் கட்டண விதி வைத்தது. 500 ரூபாய்க்காக யார் கருவி வாங்குவார்கள்? வண்டி போகாமல் இருந்தால் லட்சக்கணக்கில் மிச்சப்படுத்தும் கம்பெனிகள் இதைவிடத் தாராளமாகக் கொடுக்கலாம்.

1999-ல் உழவர் சந்தைகளைத் தொடங்கியபோது கடையும் தராசும் கொடுத்தார்கள்; நல்ல காரியம். அந்தச் சந்தைகளுக்கும் மொத்த மார்க்கெட்டுகளுக்கும் நள்ளிரவில் வந்து சேரும் வண்டிகள் இருட்டு ரோட்டோரத்தில்தான் பல ஊர்களில் நிற்கின்றன. டிரைவர் மூட்டை மேல் துண்டை விரித்துப் படுத்துவிடுகிறார். நுழைவுக் கட்டணம் வசூலிக்கும் மார்க்கெட்டுகள் ஒரு விளக்குக் கம்பமும், ஒரு காவலாளியும், டோக்கன் கொடுத்து வண்டியை வெளியே விடும் ஒரு வாசலும் ஏற்படுத்தினால், ஒவ்வொரு விவசாயியும் தனித்தனியாக வாங்கும் கருவிகளைவிட அதிகம் காக்கும்.

பூட்டும் சுவிட்சும் கருவியும் மாட்டியான பின், ஒரு இரவு ஒத்திகை பார்த்துவிடுவது நல்லது. வீட்டில் வண்டி ஓட்டத் தெரிந்த மகனையோ மைத்துனரையோ, எந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லாமல், ஒரு டார்ச் லைட்டும் ஸ்பானர் பையும் மட்டும் கொடுத்து, வண்டியைக் கிளப்பப் பார்க்கச் சொல்ல வேண்டும். சொந்தக்காரர் உள்ளே போய்க் கதவைச் சாத்திப் படுத்துக்கொள்ள வேண்டும். எத்தனை நிமிடத்தில் வண்டி கிளம்புகிறது, செல்போன் எப்போது அடிக்கிறது, நாய் எப்போது குலைக்கிறது என்று கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொண்டால், அடுத்து எதற்குச் செலவு செய்ய வேண்டும் என்று கடைக்காரரைக் கேட்க வேண்டியிருக்காது.